பேசிக்கொண்டே வரச் சொன்னவர்

நான் இப்போது இருப்பது கொல்கத்தாவின் ஓரத்தில், நியூ டவுனில், பதினோராவது மாடியில். இங்கே மழை சத்தமில்லாமல் பெய்கிறது. ஜன்னல்கள் அவ்வளவு இறுக்கம். காலையில் எழுந்து கீழே பார்த்தால் கார்களின் முதுகு மினுமினுக்கும். இரவெல்லாம் பெய்திருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும். லிஃப்டில் இறங்கி, கூரை போட்ட இடத்தில் கேப் ஏறி, ஆபீஸின் கூரை போட்ட வாசலில் இறங்கினால் ஒரு மழைக்காலம் முழுவதையும் கால் நனையாமல் கடத்திவிடலாம். போன வருஷம் அப்படித்தான் கடத்தினேன். கால் நனையாத அந்த நான்கு மாதங்களில் அக்காவை நினைக்காத நாள் இல்லை.

உடன்பிறந்த அக்கா இல்லை. கொல்கத்தாவுக்கு வேலைக்கு வந்த புதிதில், கரியாஹாட் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் நான் தரைத்தள அறை ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தேன். அந்த வீட்டின் மாடியில் குடியிருந்தவர் அவர். கிடர்பூரில், துறைமுகத்தை ஒட்டிய ஒரு கப்பல் சரக்கு ஏஜென்சியில் கிளார்க் வேலை. அப்போது நாற்பத்தாறு வயது, தனி ஆள். அவர் பெயரை எழுத எனக்கு விருப்பமில்லை. எழுதினாலும் அந்தச் சந்தில் யாருக்கும் அடையாளம் தெரியாது. அங்கே எல்லோருக்கும் அவர் 'தீதி'. எனக்கு மட்டும் அக்கா.

அவருடைய அப்பா துறைமுக வேலைக்காகத் தூத்துக்குடியிலிருந்து வந்தவர். அக்கா பிறந்தது, படித்தது எல்லாம் இந்த ஊரில்தான். வீட்டுக்குள் பேசிய தூத்துக்குடித் தமிழும் தெருவில் பேசிய வங்காளமும் அவர் நாக்கில் ஒன்றாகக் கிடந்தன. டீயை 'சா' என்பார். தெருவில் நிற்கிற தண்ணீரை 'ஜொல்' என்பார். என்னை 'ஏட்டி' என்று கூப்பிடுவார். தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். ஆனால் கோபம் வந்தால் சுத்தமான தூத்துக்குடிக்காரி.

நான் அருப்புக்கோட்டைக்காரி. எங்கள் பக்கம் மழை பெய்தால் வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்து பார்ப்போம். கொல்கத்தாவில் ஜூன் பாதியில் தொடங்கிய மழையை நானும் முதல் மூன்று நாட்கள் அப்படித்தான் ஆசையாகப் பார்த்தேன். நான்காவது நாள் உள்ளாடை எதுவும் காயவில்லை. பத்தாவது நாள் என் தோல் கைப்பையின் மேல் பச்சையாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. அம்மா இடித்துக் கொடுத்த சாம்பார்ப் பொடி டப்பாவுக்குள் களிமண் கட்டி மாதிரி உட்கார்ந்துவிட்டது. தலையணைக்கு ஒரு வாடை, துண்டுக்கு ஒரு வாடை. ஆபீஸில் என் பக்கத்து இருக்கைப் பெண் மெதுவாக ஒரு சென்ட் பாட்டிலை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

அந்த வாரத்தில் ஒரு காலை, கதவைத் திறந்தால் சந்து இல்லை. கெண்டைக்கால் உயரத்துக்குப் பழுப்புத் தண்ணீர் நின்றது. மூன்று கேப்கள் வருவதாகச் சொல்லி ரத்து செய்தன. கரியாஹாட் முக்குக்குப் போனால் ஆபீஸ் இருக்கிற நியூ டவுனுக்குப் பஸ் கிடைக்கும்; முக்கு வரைக்கும் போவதுதான் பிரச்சினை. புது ஷூவைப் பாலிதீன் பையில் போட்டுக் கையில் பிடித்துக்கொண்டு படியிலேயே நின்றிருந்தேன். மாடியிலிருந்து அக்கா இறங்கி வந்தார். சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகியிருந்தார். ஆபீஸ் பை கழுத்தில் தொங்கியது. காலில் தடித்த ரப்பர் செருப்பு. அதுவரை எங்களுக்குள் சிரிப்பு மட்டும்தான் பழக்கம்.

"நிக்கதுக்கா வந்தே? ஆபீஸ் உண்டுல்லா?" என்றார்.

தமிழைக் கேட்டதில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. "தண்ணி வடியட்டும்னு பாக்குறேன்க்கா."

"இது வடியதுக்குச் சாயங்காலம் ஆவும். வா."

என் பதிலுக்குக் காத்திராமல் என் மணிக்கட்டைப் பிடித்தார். விரல்களைக் கோத்துக்கொள்ளவில்லை. போலீஸ்காரர் பிடிக்கிற மாதிரி மணிக்கட்டைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார்.

"சுவத்தோரம் போவாதே, நடுவுல வா. கம்பத்தைத் தொடாதே. கடை ஷட்டரைத் தொடாதே. விழுந்தா என் மேல விழு. பேசிக்கிட்டே வா."

"என்ன பேசக்கா?"

"என்னத்தையாவது. வீட்டுல எத்தனை பேரு?"

சொன்னேன். அப்பா, அம்மா, ஒரு தங்கச்சி. அப்பாவுக்கு நூல் கடையில் கணக்கு எழுதுகிற வேலை. தங்கச்சி பி.எட். படிக்கிறாள். மூச்சு வாங்க நான் ஒரு நொடி நின்றால் போதும், முன்னால் போகிறவர் திரும்பாமலே, "ம், பொறவு?" என்பார். முக்கு வருவதற்குள் என் தங்கச்சிக்குப் பல் கட்டியது வரை சொல்லிவிட்டேன். பஸ் நிற்கும் மேட்டில் ஏறியதும் கையை விட்டார். மணிக்கட்டில் நான்கு விரல்களும் சிவப்பாகப் பதிந்திருந்தன.

ஆபீஸில் சொல்லிச் சிரித்தேன். "எங்க மாடியில ஒரு அக்கா இருக்காங்க. வம்பு கேக்குறதுக்காகவே தண்ணிக்குள்ள கூட்டிட்டுப் போறாங்க."

அடுத்து வந்த நாட்களில் கவனித்தேன். எனக்கு மட்டுமில்லை. சந்தில் தண்ணீர் நின்றுவிட்டால் அக்கா தன் ஆபீஸ் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே கீழே இறங்கிவிடுவார். எதிர்வீட்டில் தனியாக இருக்கும், எல்லோரும் மாஷிமா, அதாவது சின்னம்மா, என்று கூப்பிடும் வயதானவரை மருந்துக்கடைக்குக் கூட்டிப் போவார். இரண்டு வீடு தள்ளி இருந்த பள்ளி ஆசிரியைகள் இரண்டு பேரையும் இரண்டு கையில் பிடித்து முக்கில் கொண்டுபோய் விடுவார். பார்சல் கொண்டுவந்தவர், மீன்கூடைக்காரர், விலாசம் தேடி வந்து மாட்டிக்கொண்ட யாரோ ஒருவர், ஒரு தடவை சீருடையில் இருந்த போலீஸ்காரர். எல்லோருக்கும் மணிக்கட்டுப் பிடிதான். எல்லோரிடமும் ஒரே சொல். "கொதா போலோ, கொதா போலோ." பேசு, பேசு. அந்தப் போலீஸ்காரர் தன் மாமியாரைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனதை நான் ஜன்னலிலிருந்து கேட்டேன்.

இவ்வளவு கேட்கிறவர் அதில் ஒரு வார்த்தையை இன்னொருவரிடம் சொல்லியிருந்தால் நான் அவரைப் பற்றி நினைத்தது சரியாக இருந்திருக்கும். சொல்லவே மாட்டார். அதைவிட வினோதம், கேட்டது எதுவும் அவர் மனசில் நிற்பதில்லை. "வீட்டுல எத்தனை பேரு?" என்பதை அந்த ஒரு மாதத்தில் என்னிடம் ஐந்து தடவை கேட்டார். ஐந்து தடவையும் முதல்முறை கேட்கிற மாதிரி. நானும் ஒரு தடவை வேண்டுமென்றே தங்கச்சிக்குப் பதிலாக இரண்டு அண்ணன்கள் என்றேன். "ம், பொறவு?" என்றார்.

தண்ணீர் இல்லாத நாட்களில் அக்கா பேசவே மாட்டார். அது இன்னொரு வினோதம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மொட்டைமாடியில் எனக்கும் சேர்த்துச் சா போட்டுக் கொண்டுவருவார். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து அரைமணி நேரம் நிற்போம். வெயில் போவதையும் எதிர்வீட்டுக் கொடியில் துணி எடுப்பதையும் பார்த்துக்கொண்டே இருப்பார். நான் ஏதாவது ஆரம்பித்தால் தலையை மட்டும் ஆட்டுவார். கோப்பையை வாங்கிக்கொண்டு, "சரி, வாறேன்," என்று இறங்கிப் போய்விடுவார். மழையில் அவ்வளவு கேட்ட மனுஷியா இது என்று இருக்கும்.

என் அறைக்குள் முதல்முறை தண்ணீர் புகுந்த அன்று செங்கல்களைத் தேடி எடுத்துவந்து, என்னைக் கட்டிலின் ஒரு முனையைத் தூக்கச் சொல்லி, காலுக்கு இரண்டாக வைத்தார். குளிர்சாதனப் பெட்டிக்கும் வைத்தார். "இந்த ஊருல கட்டில் எல்லாம் இப்படித்தான் நிக்கும்," என்றார். அதற்கு மேல் ஆறுதலும் இல்லை, அறிவுரையும் இல்லை. அன்று மாடிக்குக் கூப்பிட்டு அரிசியும் வறுத்த பாசிப்பருப்பும் சேர்த்துக் குழைய வைத்த கிச்சுரியும் பொரித்த முட்டையும் தட்டில் போட்டார். மழை நாளில் இந்த ஊரில் எல்லா வீட்டிலும் அந்த வாசனைதான். சாப்பிடும்போதும் பேசவில்லை.

அந்த ஆகஸ்டில் ஒரு காலையில்தான் அவர் என்னை அடித்தார்.

சென்னைக்கு மாறுதல் கேட்டு எழுதியிருந்தேன். இப்போதைக்கு முடியாது என்று பதில் வந்திருந்தது. எழுந்ததும் போனில் அதைத்தான் பார்த்தேன். வெளியே முழங்காலைத் தொடும் தண்ணீர். அக்கா வந்து வழக்கம்போல மணிக்கட்டைப் பிடித்தார். நடந்தோம்.

"பேசு ஏட்டி."

எனக்கு வாயைத் திறக்கப் பிடிக்கவில்லை. திறந்தால் அழுதுவிடுவேன்.

"ஏட்டி, பேசு."

நான் பேசவில்லை. மூன்றாவது முறை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அதற்கும் பேசவில்லை. அப்போது சட்டென்று திரும்பினார். அவர் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. உதடு வெளுத்து நடுங்கியது. என் தோளைப் பிடித்து உலுக்கினார். பிறகு கன்னத்தில் அறைந்தார். நடுச்சந்தில், இரண்டு பக்கமும் பால்கனிகளில் ஆட்கள் நிற்க.

"வாயத் திறந்து ஒரு வார்த்தை சொன்னா என்ன? ஒரு வார்த்தை. என்ன கேடு உனக்கு?"

கையை உதறிக்கொண்டு நான் தனியாக நடந்தேன். அவருக்கு வலிக்க வேண்டும் என்றே சுவரோரமாக, ஒவ்வொரு ஷட்டராகத் தொட்டுக்கொண்டு போனேன். பின்னால் அவர் கூப்பிடுகிற சத்தம் முக்கு வரை கேட்டது. ஆபீஸில் நாள் முழுக்கக் கன்னம் எரிந்தது. அறையைக் காலி செய்துவிடுவது என்று முடிவு செய்து, மதிய இடைவேளையில் வேறு வீடுகளும் பார்க்க ஆரம்பித்தேன்.

சாயங்காலம் திரும்பியபோது மழை விட்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அக்கா கதவைத் தட்டி, கையில் தூக்குப் பாத்திரத்தோடு வந்தார். உட்காருங்கள் என்று நான் சொல்லவில்லை. அவராகவே போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். செங்கல் வைத்துத் தூக்கிய கட்டில் அது; சின்ன உருவம் அவர்; கால்கள் தரையைத் தொடாமல் தொங்கின.

"எனக்கு ஒரு தம்பி இருந்தான்," என்றார்.

நான் பாத்திரத்தைத் திறந்து பார்த்தபடி நின்றேன்.

"ரொம்ப பேசுவான். காலையில எந்திச்சா தூங்குத வரைக்கும் பேச்சுதான். அப்பாவே, இவன் வாய்க்குள்ள யாரு ரேடியோவ வச்சதும்பாரு. இருபத்து மூணு வயசு. இதே சந்துதான். சந்தைக்குப் போயிட்டு வாறோம். இன்னைக்கு நின்ன மாதிரிதான் ஜொல் நின்னுச்சு. நான் முன்னால, அவன் பின்னால. ஏதோ மேட்சு பாக்கப் போவணும், விடு விடுன்னு பேசிக்கிட்டே வாறான். எனக்கு ஆபீஸ்ல அன்னைக்கு ஒரு எரிச்சல். கொஞ்ச நேரம் வாயை மூடிக்கிட்டு வாலேன்னு சொன்னேன்."

தொங்கிய கால்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மூடிட்டான். எனக்கு நிம்மதியா இருந்துச்சு. கோவிச்சிக்கிட்டான், வீட்டுக்குப் போயி சரி பண்ணிக்கிடலாம்னு நடந்தேன். பன்னிரெண்டு அடி. பொறவு நான் எத்தனையோ மட்டம் நடந்து எண்ணிப் பாத்திருக்கேன். பன்னிரெண்டு அடி நடந்துட்டுத்தான் திரும்புனேன். தெருவிளக்குக் கம்பத்துல கை வச்சபடிக்கு நின்னான். நின்ன மாதிரிதான் இருந்துச்சு."

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"கரண்டு பாஞ்ச அந்தக் கம்பம் இப்ப இல்ல. மறுநாளே மாத்திட்டாங்க," என்றார். "எவ்வளவு சீக்கிரம் மாத்துனாங்க பாத்தியா?"

நான் பேசாமல் இருந்துவிடக் கூடாது என்று மட்டும் புரிந்தது. ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டேன். "கிச்சுரி நல்லா இருக்குக்கா," என்றேன்.

"உப்பு கம்மி," என்றார்.

நான் வீடு மாறவில்லை.

அதன்பிறகு நான் பேசினேன். அந்த வருஷமும் அடுத்த வருஷமும் அந்தச் சந்தின் தண்ணீரில் நான் பேசாத விஷயம் கிடையாது. கல்லூரியில் ஒருவனை விரும்பியது, அவன் கல்யாணத்துக்கு நானே போய் வாழ்த்துப் பரிசு கொடுத்தது, அப்பா என்னிடம் இரண்டு வருஷமாகச் சரியாகப் பேசாதது, இந்த ஊரில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடாத நாட்கள். அவர் காதில் விழுகிறதா என்று நான் யோசித்ததில்லை. மறந்துவிடுவார் என்பதே பெரிய சுகம். முன்னால் நடக்கிற முதுகைப் பார்த்துக்கொண்டு சொல்லிக்கொண்டே போவேன். "ம், பொறவு?" என்று ஒரு குரல் வரும். கணுக்கால் நனைகிற அளவுக்குத்தான் தண்ணீர் என்றாலும் படியில் நின்று அவருக்காகக் காத்திருப்பேன். அவர் இறங்கி வந்து, தண்ணீரைப் பார்த்து, என்னையும் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மணிக்கட்டைப் பிடிப்பார்.

மாதம் ஒரு ஞாயிறு அவரைப் பார்க்க ஒருவர் வருவார். வங்காளி, மனைவியை இழந்தவர், ஐம்பது தாண்டியவர். முன்பு கிடர்பூர் ஆபீஸில் அக்காவோடு வேலை பார்த்து, பிறகு ஹல்தியா துறைமுகத்துக்கு மாற்றலாகிப் போனவர். ஒரு பை நிறைய இறாலும், நாளிதழில் சுற்றிய ஏதாவது ஒரு செடியும் கொண்டுவருவார். அதிகம் பேசாதவர். "சரி", "இருக்கட்டும்" என்ற இரண்டு வார்த்தைகளை வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஓட்டிவிடுவார். அவர் வந்த ஒரு நாள் சந்தில் தண்ணீர். அக்கா முக்குக்குப் போய் மணிக்கட்டைப் பிடித்துக் கூட்டி வந்தார். பேசித்தான் ஆக வேண்டும். அந்த மனிதருக்குப் பேச என்ன இருக்கிறது? அந்த மாதம் ஹல்தியாவுக்கு வந்த கப்பல்களின் பெயர்களை வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தார். எந்த நாட்டுக் கப்பல், என்ன சரக்கு, எந்தத் தேதியில் கிளம்பியது என்று வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி சொல்லிக்கொண்டே வந்தார். அக்கா சிரித்தார். தண்ணீரில் நடக்கும்போது அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

என்னுடைய மூன்றாவது மழைக்காலம் தொடங்கும்போது எனக்கு டெங்கு. பதினான்கு நாள் படுக்கை. அக்கா ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு இளநீர் வெட்டி வாங்கிவருவதும், நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுமாக இருந்தார். தேறி எழுந்து, மொட்டைமாடிக்கு நான் ஏறிப் போன முதல் நாள். கொஞ்சம் வெயில் அடித்ததால் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். ஒரு போர்வையைக் கொடியில் போட்டு இழுத்துவிட்டு, அதன் மறுபக்கத்திலிருந்து கேட்டார்.

"ஏட்டி, அவரு கேக்காரு. நாலஞ்சு வருசமாக் கேக்காரு. துர்கா பூஜைக்கு முன்னாடி கல்யாணத்தை ரெஜிஸ்டர் பண்ணிருவோம், ஹல்தியாவுக்கு வந்துருங்காரு. போவட்டுமா?"

என்னிடம் அனுமதி கேட்கிறார் என்று முதலில் நான் புரிந்துகொள்ளவில்லை. புரிந்ததும், போர்வைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு சொன்னேன்.

"இந்த மழை முடியட்டும்க்கா. மாஷிமாவுக்கு வாரா வாரம் டாக்டர்கிட்டப் போகணும். அந்த டீச்சருங்க என்ன செய்வாங்க? நீங்க இல்லாம இந்தச் சந்துல யாரு எப்படிப் போவாங்க?"

அவர் போர்வையை விலக்கி என்னைப் பார்த்தார்.

"அதுவும் சரிதான்," என்றார்.

காலி வாளியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். மாடிப்படியில் அவர் போனில் வங்காளத்தில் பேசுவது கேட்டது. மழை முடியட்டும் என்றுதான் சொன்னார். எனக்கு நிம்மதியாக இருந்தது. காய்ச்சலுக்குப் பிறகு அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நடந்தது.

ஆறு வாரம் கழித்து ஹல்தியாவில் அந்த மனிதருக்கு மாரடைப்பு வந்தது. வீட்டில் தனியாக இருந்தவரைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்கள். இரண்டு நாள் அக்காவுக்குத் தெரியாது. கொல்கத்தாவில் தண்ணீர் நிற்கிற நேரம், கேள்விப்பட்டால் அதில் இறங்கி வருவாள், சொல்ல வேண்டாம் என்று அவர் தடுத்திருக்கிறார். மூன்றாவது நாள் கிடர்பூர் ஆபீஸில் யாரோ தற்செயலாகச் சொல்ல, அக்கா தோளில் மாட்டியிருந்த பையோடு அப்படியே ஹல்தியா பஸ் ஏறிவிட்டார். பஸ்ஸிலிருந்து என்னைக் கூப்பிட்டார். விஷயத்தை இரண்டு வரியில் சொன்னார். பிறகு, "மாடியில துணி காயுது. மழை வாறதுக்குள்ள எடுத்து உள்ள போட்டுரு," என்றார்.

எடுத்து வந்தேன். இரண்டு சேலை, ஒரு துண்டு, தலையணை உறைகள். மடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நான் தடுக்காமல் இருந்திருந்தால் மாரடைப்பு வராமல் போயிருக்காது. ஆனால் அந்த மனிதர் அந்த இரண்டு நாளும் தனியாகப் படுத்திருக்க வேண்டியிருந்திருக்காது.

மறுநாள் சந்தில் தண்ணீர். எதிர்வீட்டு மாஷிமா தன் கதவைத் திறந்து எங்கள் மாடிப்படியைப் பார்த்துக்கொண்டு நின்றார். தீதி எங்கே என்று கேட்டார். ஹல்தியாவுக்குப் போயிருக்கிறார் என்றேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, சேலையைச் செருகிக்கொண்டு, குடையை ஊன்றிப் பார்த்துப் பார்த்து அவராகவே மருந்துக்கடைக்கு நடந்தார். ஆசிரியைகள் இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு போனார்கள். மீன்கூடைக்காரர் தெருநடுவில் தனியாகக் கூவிக்கொண்டு போனார். அந்த மழைக்காலம் முழுக்க அப்படித்தான் போய்வந்தார்கள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் அவர்கள் அவ்வளவு எளிதாக நடந்துபோனதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

அந்த ஹல்தியாக்காரர் பிழைத்துக்கொண்டார். நவம்பரில் இருவரும் கொல்கத்தாவுக்கு வந்து பதிவு செய்துகொண்டார்கள். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருத்தி. அக்கா பச்சையில் ஒரு சேலை கட்டியிருந்தார். மாப்பிள்ளை இளைத்துப்போய், மூச்சு வாங்கி வாங்கிப் படி ஏறினார். அவர் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருக்க, நானும் அக்காவும் வராந்தாவில் முறைக்குக் காத்திருந்தோம். நல்ல வெயில். அப்போது சொன்னேன்.

"அன்னைக்கு மாடியில நான் மாஷிமாவுக்காகச் சொல்லலக்கா. எனக்காகச் சொன்னேன்."

"தெரியும்," என்றார்.

"தெரிஞ்சுமா இருந்தீங்க?"

"எனக்கும் யாராவது போவாதேன்னு சொல்லணும் போல இருந்துச்சு ஏட்டி. அம்மா போன பொறவு அப்படிச் சொல்லதுக்கு யாரும் இல்லைலா." என் நெற்றியில் விழுந்திருந்த முடியை எடுத்துக் காதோரம் ஒதுக்கிவிட்டார். "ஆனா தம்பி செத்த சந்துல எம்புட்டு நாள் நின்னுக்கிட்டே இருக்க? அவனே வந்து, போதும் போன்னு சொல்லுவான். அவன் வாய் அப்படி."

உள்ளேயிருந்து பெயர் கூப்பிட்டார்கள். போனார்.

மாடி அறைக்கு ஒரு புதுக் குடித்தனம் வந்தது. ஹல்தியாவிலிருந்து வாரம் ஒருமுறை போன் வரும். குளிர்காலத்திலும் வெயில் காலத்திலும் இரண்டு நிமிஷத்துக்கு மேல் பேசமாட்டார். மழை தொடங்கியதும் மாறிவிட்டது. தினமும் காலையில் கூப்பிடுவார்; நான் பஸ் ஏறிவிட்டேன் என்று சொல்கிற வரைக்கும் வைக்கவே மாட்டார். அங்கிருந்து கொல்கத்தாவுக்குக் காலையில் எத்தனை மணிக்கு முதல் பஸ் என்பதையும் விசாரித்து வைத்திருந்தார். அதை என்னிடம் சொல்லவும் செய்தார்.

அந்த ஜூலையில் ஒரு காலை வந்த மழைதான் நான் அந்த ஊரில் பார்த்ததிலேயே பெரியது. சந்தில் தொடை அளவு தண்ணீர். என் அறைக்குள் கட்டிலுக்குக் கீழே பாத்திரங்கள் மிதந்து ஒன்றோடொன்று இடித்துக்கொண்டிருந்தன. மின்சாரத்தை நிறுத்தியிருந்தார்கள். நான் கட்டில் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது.

"ஏட்டி, இங்க கொட்டுது. அங்க எப்படி?"

அந்தக் குரலைக் கேட்டதும் வந்துவிடுங்கள் என்று சொல்லத்தான் வாய் வந்தது. சொன்னால் வந்துவிடுவார். அடுத்த பஸ்ஸிலேயே, அந்த மனிதரை அப்படியே விட்டுவிட்டு.

"தூறல்தான்க்கா," என்றேன்.

"ஜொல் நிக்கா?"

"இல்லக்கா. இப்பல்லாம் சீக்கிரம் வடிஞ்சிருது. குழாய் எல்லாம் புதுசாப் போட்டுட்டாங்க."

"மாஷிமா மருந்துக்கடைக்குப் போனாகளா?"

"நேத்தே போயிட்டு வந்துட்டாங்க." அது உண்மை.

"யாரு கூட்டிட்டுப் போனா?"

"நான்தான்க்கா."

நான் போன் வாயைக் கையால் பொத்திக்கொண்டேன், இங்கே பெய்வது அங்கே கேட்டுவிடக் கூடாது என்று. அப்போது அங்கே ஒரு இருமல் சத்தம் கேட்டது. கோப்பையை வைக்கிற சத்தம். அந்த மனிதர் ஏதோ கேட்டார், நீளமாகவே கேட்டார். அக்கா அவருக்கு வங்காளத்தில் பதில் சொல்லிச் சிரித்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"சரி ஏட்டி, அவருக்கு மாத்திரை குடுக்கணும். வைக்கட்டுமா?"

"வைங்கக்கா."

வைத்துவிட்டார். மழை பெய்கிற நாளில் அவராக முதலில் போனை வைத்தது அதுவரை நடந்ததில்லை. அக்கா உண்மையிலேயே ஹல்தியாவுக்குக் குடிபோய்விட்டார் என்பது எனக்கு அந்த நிமிஷத்தில்தான் உறைத்தது. நான் வேண்டியதும் அதுதான். ஆனாலும் வெகுநேரம் வரைக்கும் போனைக் காதிலிருந்து என்னால் எடுக்க முடியவில்லை.